ஒரே படுகை, மூன்று வெட்டு: சைமா ஏரி நாட்டில் 1856 முதல் 1859 வரை

1859 ஆகஸ்ட் 3 அன்று, கிழக்கு பின்லாந்தின் யோயென்சூ ஊருக்கு வடக்கே இருக்கும் ஹொய்த்தியாய்னன் ஏரி உடைப்பெடுத்தது. ஏரியின் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி விளிம்பில் புல் நிலம் எடுக்கலாம் என்று 1854 முதல் ஒரு கால்வாய் வெட்டிவந்தார்கள். அதில் கட்டியிருந்த தடுப்பு அணைகள் தாங்கவில்லை. தண்ணீர் அடங்கியபோது ஏரி 9.5 மீட்டர் கீழே போயிருந்தது. சுமார் 170 சதுர கிலோமீட்டர் ஏரித் தரை வெளியே வந்துவிட்டது.

இதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 1856இல், இதே நீர்ப்படுகையின் தென்முனையில், சைமா ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் சைமா கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. 1857இல் படுகையின் கடைக்கோடியில், வுவோக்சி ஆறு லதோகா ஏரியை நெருங்கும் இடத்தில், கிவினியெமி என்ற நிலக்கழுத்தை வெட்டினார்கள். ஆக நான்கு ஆண்டுக்குள் ஒரே படுகையில் மூன்று வெட்டு. ஒன்று சொன்னபடி நின்றது, இரண்டு கைமீறிப் போயின. மண் ஏறக்குறைய ஒன்றுதான், காலமும் ஒன்றுதான். வித்தியாசம் வெட்டின் அடியில் என்ன வைத்தார்கள் என்பதில் இருந்தது.

படுகையின் தலைமுதல் கடைவரை

ஹொய்த்தியாய்னன் ஏரியின் நீர் ப்யுஹாசெல்கா என்ற விரிந்த நீர்ப்பரப்பில் விழுகிறது. அது பெருஞ்சைமாவின் வடகிழக்குக் கை. சைமா மொத்தம் சுமார் 4,400 சதுர கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு மேல் 76 மீட்டர். பின்லாந்தின் மிகப் பெரிய ஏரி என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, அது நீர்ச்சந்துகளால் கோத்த பல ஏரிகளின் மாலை. தீவுகள் மட்டும் 13,000க்கு மேல். இவ்வளவு நீருக்கும் வெளியேற ஒரே வாய்தான்: தென்கிழக்கு மூலையில், இமாத்ரா ஊரில், வுவோக்சி ஆறு. ஆண்டுச் சராசரி விநாடிக்கு ஏறத்தாழ 600 கனமீட்டர். அது தென்கிழக்கே ஓடி லதோகாவில் சேர்கிறது.

இந்த ஏரிகளைத் தாங்கி நிற்கும் கரை பெரும்பாலும் பாறை இல்லை, மணலும் சரளையும். சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பின்வாங்கிக்கொண்டிருந்த பனிப்பாளம் சில நூற்றாண்டு ஒரே இடத்தில் தயங்கி நின்றது. உருகிய நீர் கொண்டுவந்த மணலும் கூழாங்கல்லும் பனி விளிம்பில் குவிந்தன. தென்மேற்குக் கடற்கரையில் ஹாங்கோவிலிருந்து கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வளைந்து போகும் சல்பவுசெல்கா மேடுகள் அப்படிப் பிறந்தவை. 'சல்பா' என்றால் தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப்போல நீரை அடைத்து நிற்கும் மேடு என்று பெயரே சொல்கிறது. ('செல்கா' வேடிக்கையான சொல். முதுகு, மேடு என்று பொருள். ஏரியின் திறந்த நீர்ப்பரப்புக்கும் அதே சொல். சல்பவுசெல்காவில் அது மேடு, ப்யுஹாசெல்காவில் தண்ணீர்.) ஹொய்த்தியாய்னனுக்கும் ப்யுஹாசெல்காவுக்கும் நடுவே கிடக்கும் யாமன்கங்கஸ் மணல்மேடும் இதே வகைப் பனிவிளிம்புப் படிவு. மேலே பைன் மரம் அடர்ந்து பார்வைக்கு உறுதியான நிலம். உள்ளே நீர் அடித்துக்கொண்டு போகக்கூடிய மணல்.

இரண்டாவது விஷயம், நிலம் இன்னும் அசைகிறது. பனியின் எடை போனபின் தரை மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது: மேற்குக் கரையில் வாசா பக்கம் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர், சைமாவின் தென்முனையில் அதில் பாதிக்கும் குறைவு. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆதியில் சைமாவின் வடிகால் வடமேற்கில், பொத்னியா வளைகுடாவை நோக்கி இருந்தது. அந்த ஓரம்தான் வேகமாக எழும்பியது. வாய் உயர உயர, தென்கிழக்கில் நீர் ஏறிக் காடுகளை மூழ்கடித்தது. பிறகு தென்மேற்கில் க்யுமியோகி ஆற்றுப் பக்கம் மத்குஸ்லம்பி, கேரன்லம்பி என்ற தாழ்வான இடங்களில் வழிந்தது. அதுவும் போதவில்லை. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய வுவோக்சென்னிஸ்காவில் நீர் சல்பவுசெல்காவைத் தாண்டி வழிந்து, மணலை அறுத்து, வுவோக்சியைப் பிறப்பித்தது. ஏரி சில மீட்டர் சட்டென்று இறங்கியது. இப்போது வாய் தென்கிழக்கில் இருப்பதால் தாம்பாளத்தின் சாய்வு எதிர்ப்பக்கமாக வேலை செய்கிறது. வடக்குக் கரைகள் மெல்ல மெல்ல நீரிலிருந்து வெளியேறுகின்றன.

இதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அளவுகோல் ரிஸ்தீனாவுக்கு அருகே அஸ்துவன்சல்மி பாறையில் இருக்கிறது. நீரிலிருந்து செங்குத்தாக எழும் அந்தப் பாறைமுகத்தில் செங்காவியால் கடமான்களும் படகுகளும் மனிதர்களும் தீட்டியிருக்கிறார்கள். உருவங்கள் இன்றைய நீர்மட்டத்துக்கு மேல் சுமார் 8 முதல் 11 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஏணி போட்டு வரையவில்லை. வரைந்தவர்கள் படகிலோ பனிக்கட்டி மீதோ நின்று கைக்கெட்டிய உயரத்தில் தீட்டினார்கள். தண்ணீர்தான் கீழே போய்விட்டது. எந்த உருவம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பழைய கரைமட்டங்களோடு ஒப்பிட்டுத்தான் அவற்றின் வயதைக் கணிக்கிறார்கள்.

ஏரியை ஏன் இறக்க வேண்டும்?

புல்லுக்காக. இந்தப் பகுதியில் மாடு ஆண்டில் பாதிக்கு மேல் தொழுவத்தில் நிற்கும். அதற்கு வைக்கோல் வேண்டும். மாடு தந்தால்தான் வயலுக்கு எரு. 'புல்வெளியே வயலின் தாய்' என்ற ஸ்வீடிஷ் பழமொழி இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. கரையோரக் கோரையையும், நீருக்குள் வளரும் குதிரைவால் செடியையும்கூடப் படகில் போய் அறுத்துவந்தார்கள். ஏரியை ஒரு மீட்டர் இறக்கினால் தட்டையான கரையில் நூற்றுக்கணக்கான மீட்டர் வண்டல் நிலம் கிடைக்கும்; மரம் வெட்ட வேண்டாம், கல் பொறுக்க வேண்டாம். 18ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து பின்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளை இப்படி இறக்கினார்கள், சிலவற்றை முழுக்க வடித்தார்கள். பெரும்பாலானவை சிறு ஏரிகள், அதனால் தவறினாலும் சேதம் சிறியது. ஹொய்த்தியாய்னன் அந்த வகையில் வராது.

எச்சரிக்கையும் இருந்தது. ஹொய்த்தியாய்னன் உடைப்புக்கு 63 ஆண்டு முன், பின்லாந்து ஸ்வீடன் ஆட்சியில் இருந்த காலத்தில், ஸ்வீடனின் யேம்ட்லாந்து பகுதியில் ரகுண்டா ஏரி இப்படியே போனது. இந்தல் ஆற்றில் ஸ்டோர்ஃபோர்சன் என்ற 35 மீட்டர் அருவியில் மரத்தடிகள் சிதைந்துபோவதைத் தவிர்க்க, பக்கத்துச் சரளை மேட்டில் மாற்றுவழி வெட்டும் வேலையை மாக்னுஸ் ஹுஸ் என்ற வணிகர் ஏற்றார். 1796 ஜூன் 6 இரவு, வெள்ளக் காலத்தில், வெட்டு வாய் பிளந்தது. 25 கிலோமீட்டர் நீள ஏரி சுமார் நான்கு மணி நேரத்தில் காலி. அருவி வறண்டு 'செத்த அருவி' என்று பெயர் வாங்கியது. இன்றும் அதே பெயர்தான்.

உடைப்பு நடக்கும் விதம்

வெட்டு வாய் வழியே போகும் நீரின் அளவு, நீர் உயரத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. உயரத்தின் ஒன்றரை அடுக்கில் (power 1.5) ஏறும். ஆழம் இரட்டித்தால் நீர் 2.8 மடங்கு, நான்கு மடங்கானால் நீர் 8 மடங்கு. 20 மீட்டர் அகல வாயில் 1 மீட்டர் ஆழத்துக்கு நீர் வழிந்தால் விநாடிக்குச் சுமார் 34 கனமீட்டர். அது கட்டுக்குள் இருக்கும் ஓடை. மணல் அரித்து வாய் 60 மீட்டர் அகலமும் 4 மீட்டர் ஆழமும் ஆனால் 800 கனமீட்டரைத் தாண்டும். சைமா முழுவதையும் வடிக்கும் வுவோக்சியைவிடப் பெரிய ஆறு அது.

அரிப்பு ஏரிப் பக்கம் தொடங்குவதில்லை. கால்வாயின் கீழ்முனையில், சரிவு அதிகமுள்ள இடத்தில் தரை முதலில் பறிபோகும். அங்கே ஒரு சிறு படி விழும். நீர் படியின் அடிவாரத்தைக் குடைந்து மேல்மண்ணைச் சரியவைக்கும். படி பின்னோக்கி ஏரியை நோக்கி நகரும். நகர்ந்து அணையின் அடிக்கு வரும்போது, அணை எவ்வளவு உறுதியான மரமானாலும் அதன் கீழே பிடிமானம் இருக்காது. ஹொய்த்தியாய்னனுக்கும் ப்யுஹாசெல்காவுக்கும் அப்போது மட்ட வித்தியாசம் 20 மீட்டருக்கு மேல். அந்த 20 மீட்டரையும் மணல் வழியே இறங்கவிட்டு நடுவில் மரத்தடுப்பு வைப்பது, படிக்கட்டின் அடிக்கல்லை உருவிவிட்டு மேல்படியில் நிற்பது மாதிரி.

இன்னொரு கணக்கும் உண்டு. இதுதான் சிறு ஏரிக்கும் பெரிய ஏரிக்கும் உள்ள வேறுபாடு. குளம் உடைந்தால் மட்டம் வேகமாக இறங்கும், தள்ளுவிசை தானாகக் குறையும், அரிப்பு நிற்கும். உடைப்புக்கு முன் ஹொய்த்தியாய்னனின் பரப்பு சுமார் 450 சதுர கிலோமீட்டர். விநாடிக்கு 1,000 கனமீட்டர் வெளியேறினாலும் ஒரு மணி நேரத்தில் மட்டம் 8 மில்லிமீட்டர்தான் இறங்கும். வாயோ அதே ஒரு மணி நேரத்தில் பல மடங்கு ஆழமாகிவிடும். ஏரி இறங்கும் வேகத்தைவிட வாய் இறங்கும் வேகம் அதிகமாக இருக்கும்வரை எதுவும் தடுக்காது. தண்ணீர் அசைக்க முடியாத தரையைத் தொட்ட பிறகுதான் நிற்கும். இங்கே அது 9.5 மீட்டருக்குக் கீழே இருந்தது.

வெளியேறிய நீர் எவ்வளவு? முன்பின் பரப்புகளின் சராசரியை இறக்கத்தால் பெருக்கினால் தோராயமாக 3.5 கன கிலோமீட்டர் வருகிறது. இதைச் சைமா முழுவதிலும் பரப்பினால் முக்கால் மீட்டருக்கு மேல் உயரும். வுவோக்சி தன் சராசரி ஓட்டத்தில் இதை மட்டும் வடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும்.

ஒழுங்காகச் செய்திருந்தால் எப்படி? வெட்டை ஏரி முனையில் தொடங்கக் கூடாது; கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி வெட்டி, ஏரிக்கும் கால்வாய்க்கும் நடுவே வெட்டாத மண்ணைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். கால்வாயின் அடித்தரை பாறையில் உட்கார வேண்டும். பாறை கிடைக்காத இடத்தில், தொடர்ச்சியாகச் சிறு சிறு படிகளாகக் கல்தளம் போட்டு, ஒவ்வொரு படியின் கீழும் நீர் விழுந்து அடங்கப் பள்ளம் விட வேண்டும். தளத்தின் அடியில் நீர் கசிந்து மணலை உருவாமல் இருக்க, ஏரிப் பக்கம் ஆழமாகப் பலகைச் சுவர் இறக்க வேண்டும். திறப்பது வரத்து குறைந்த குளிர்காலக் கடைசியில், ஒரு முறைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மட்டும். மண்வெட்டிக்கு மிச்சமாகும் வேலையைத் தண்ணீரே செய்துகொள்ளட்டும் என்று விட்டால் அது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று கேட்காது. ரகுண்டாவில் ஓடை நீரைக் கட்டிவைத்துத் திறந்துவிட்டுத்தான் சரளையை அரித்தார்கள், மலிவான வழி.

நின்ற வெட்டு

சைமா கால்வாய் இதே சல்பவுசெல்காவைத்தான் லப்பேன்ரந்தா அருகே அறுத்துப்போகிறது. அதற்கு முன்பும் முயன்றிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் கைவிட்ட வெட்டு 'பொந்துசின் பள்ளம்' என்ற பெயரில் இன்றும் அங்கே கிடக்கிறது. 1845இல் தொடங்கி 1856இல் முடித்த கால்வாய் பின்லாந்து வளைகுடா வரை 76 மீட்டர் இறக்கத்தை 28 பூட்டுத் தொட்டிகளாக (இரு முனையிலும் கதவு வைத்து, நீரை ஏற்றி இறக்கிக் கப்பலை மட்டம் மாற்றும் தொட்டி) பிரித்தது. ஒரு தொட்டிக்குச் சராசரி 2.7 மீட்டர். சுவரும் தளமும் செதுக்கிய கிரானைட். ஸ்வீடிஷ் பொறியாளர் நில்ஸ் எரிக்சன் திட்டத்தில் ஆலோசகர்.

இதன் சூட்சுமம் கதவில் இல்லை, தளத்தில் இருக்கிறது. கதவு பழுதானால் மாற்றலாம். இரண்டு கதவும் திறந்துபோனாலும் கிரானைட் நிலைப்படியின் மட்டத்துக்குக் கீழே நீர் அறுக்காது; பின்னோக்கி வரும் அரிப்பும் அந்தப் படியில் மோதி நிற்கும். கலிங்கு கட்டுகிறவர் எவருக்கும் தெரிந்த விஷயம்தான். 28 முறை அதைக் கட்டச் செலவு பிடிக்கும், அவ்வளவே. புல் நிலம் தேடிய உழவர் வேலைக்கும், ஏற்றுமதி மரத்துக்கான அரசு வேலைக்கும் ஒரே அளவு பணம் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 1968இல் திறந்த புதிய கால்வாயில் தொட்டிகள் எட்டே. மேல்முனையில் மெல்கியா தொட்டி ஒன்றே 12 மீட்டருக்கு மேல் இறக்குகிறது.

படுகையின் கடைக்கோடி

சுவாந்தோ என்றால் பின்னிஷ் மொழியில் அசைவற்றுக் கிடக்கும் நீர். லதோகாவிலிருந்து குறுகிய மணல்மேடு மட்டுமே பிரித்த அந்த ஏரி, கிவினியெமி வழியாக எதிர்த்திசையில் வுவோக்சிக்குத்தான் வடிந்தது. 1818 வசந்த வெள்ளத்தில் நீர் தைபலேயில் மணல்மேட்டைத் தாண்டி லதோகாவுக்கு நேர்வழி அறுத்துக்கொண்டது. ஏரி சுமார் 7 மீட்டர் இறங்கியது. கிவினியெமி நீர்ச்சந்து வறண்டு தரையாகியது.

இப்போது வுவோக்சி மேலே, சுவாந்தோ கீழே, நடுவில் ஒரு கழுத்து. 1857இல் அந்தக் கழுத்தை வெட்டியபோது நீர் பழைய திசைக்கு எதிராக, வுவோக்சியிலிருந்து சுவாந்தோவுக்குப் பாய்ந்தது. வெட்டிய இடத்தில் விரைவோடை உருவாகிப் படகு போகவே வழியில்லாமல் போயிற்று. வுவோக்சியின் பெரும் நீர் தெற்குக் கைக்கு மாற, கேகிசல்மி ஊரில் லதோகாவைச் சேர்ந்த பழைய வடக்குக் கையில் மட்டம் சுமார் 4 மீட்டர் குறைந்தது. நாற்பது ஆண்டில் ஒரு நதியின் முகத்துவாரமே இடம் மாறியது என்று சொன்னால் மிகையில்லை. சோவியத்தோடு நடந்த 1939–40 குளிர்காலப் போரில் சுவாந்தோவும் தைபலே ஆறும்தான் பின்லாந்தின் தற்காப்புக் கோடான மன்னர்ஹெய்ம் அரணின் கிழக்கு முனை. 1818க்கு முன் அங்கே ஆறே கிடையாது. போருக்குப் பின் அந்தப் பகுதி சோவியத் கைக்குப் போனது. கிவினியெமியின் இன்றைய பெயர் லோசெவோ.

வடிந்த பிறகு

ஹொய்த்தியாய்னன் இன்று சுமார் 280 சதுர கிலோமீட்டர். 170 சதுர கிலோமீட்டர் சும்மா கிடைத்ததே, உடைப்பு நல்லதாகப் போயிற்று என்று எண்ணத் தோன்றும். ஏரித் தரை கிடைத்த நாளில் வயல் ஆகாது. களிமண்ணும் மட்கிய சேறும் கலந்த தரை, நீர் வடிந்ததும் வெடித்துச் சுருங்கும். முதல் சில ஆண்டு புல் செழிக்கும். பிறகு மட்கு காற்றுப்பட்டுக் கரைய, தரை இறங்கி மறுபடியும் ஈரமாகும். ஏரி இறக்கிய இடமெல்லாம் இரண்டாம் முறை வாய்க்கால் வெட்ட நேர்ந்தது இதனால்தான். பழைய கரை காட்டுக்குள் நிற்கிறது: தண்ணீர் கண்ணுக்கே தெரியாத இடத்தில், அலை மணலைக் கழுவிவிட்டதால் வரிசையாக மிஞ்சிய உருண்டைக் கற்கள், அதற்குக் கீழே சட்டென்று ஒரு சரிவு.

அடித்துக்கொண்டு போன மணல் எங்கும் மாயமாகவில்லை. கால்வாய் ப்யுஹாசெல்காவில் விழும் இடத்தில் அது விசிறியாகப் பரந்து கழிமுகமானது. நாணலும் வில்லோ புதரும் பிடித்து, இன்று யோயென்சூ நகர எல்லையிலேயே பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதி. பிளந்த வழியில் புந்தரிகோஸ்கி மின்நிலையம் உட்கார்ந்திருக்கிறது. 1859இல் இல்லாத நிலைப்படி கடைசியில் அப்படி வந்து சேர்ந்தது.

படுகையின் பெரிய வாயான வுவோக்சியில் இமாத்ரா மின்நிலையம் 1929 முதல் இயங்குகிறது. ஆனால் மின்சாரத்துக்காக விருப்பப்படி சைமாவைத் திறப்பதில்லை. 1989இல் பின்லாந்தும் சோவியத் ஒன்றியமும் செய்த ஒப்பந்தம் 1991 முதல் நடப்பில் உள்ளது: ஏரி அந்தப் பருவத்துச் சராசரியிலிருந்து 50 சென்டிமீட்டர் மேலோ கீழோ இருக்கும்வரை இயற்கையாக எவ்வளவு நீர் போகுமோ அவ்வளவே விட வேண்டும். முன்கணிப்பு அந்த வரம்பைத் தாண்டினால் மட்டும் கூட்டலாம், குறைக்கலாம். 1899 பெருவெள்ளத்தை இங்கே இன்னும் மறக்கவில்லை. அப்போது பின்லாந்தை ஆண்ட ரஷ்ய ஜார் மன்னர் அந்த ஆண்டு பின்லாந்தின் உரிமைகளைக் குறைத்து ஆணை போட்டதால், ஊரார் அதற்குச் 'சத்தியம் மீறியவனின் வெள்ளம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கில் ஓர் உயிரும் சேர்கிறது. பனிக்காலத்துக்குப் பின் நிலம் எழும்பியபோது கடலிலிருந்து துண்டிக்கப்பட்டு இங்கேயே தங்கிவிட்ட சைமா வளையக் கடல்நாய் (சீல்), கரையோரம் உறைந்த பனிக்கட்டியின் மேல் குவியும் பனிப்பொதிக்குள் குடைந்து பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும். ஏரி உறைந்த பின் மட்டம் இறங்கினால் கரையோரப் பனிக்கட்டி தரையில் தட்டி முறிந்து பொந்து சரியும். ஏறினால் பொந்துக்குள் நீர் புகும். அதனால் எவ்வளவு நீர் விடுவது என்பதை, ஏரி உறையும் முன்பே, அடுத்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.